காய்ச்சல் இறங்கிய பிற்பகல்

அழகியநம்பி தன் அறுபத்தோராம் வயதில் ஒருவரிடம் பாடம் கேட்கப் போனார். பாடம் சொன்னவருக்கு வயது நாற்பத்தாறு. பெயர் எஸ்தர். பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து மனநல ஆலோசனை செய்துவந்தார். தனியாக வருகிறவர்களும் உண்டு, கணவன் மனைவியாக வருகிறவர்களும் உண்டு.

அதற்கு முன் நம்பி முப்பத்தொரு வருடம் கோர்ட்டில் வேலை பார்த்தவர். கடைசிப் பதினொரு வருடம் குடும்ப வழக்குகள் நடக்கிற கோர்ட்டில். நீதிபதிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, வழக்குக் கட்டுகளை வரிசையாக எடுத்துக் கொடுக்கிற வேலை. எத்தனையோ ஜோடிகள் அவர் கண் முன்னால் வந்து, நின்று, கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு வேறு வாசல் வழியாகப் போயின.

ஒருநாள் தீர்ப்பு வாங்கிய ஒரு பெண் அவரிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"இதை அவங்ககிட்ட குடுத்துருங்க சார்."

மாத்திரைகளின் பெயர்கள். எது காலையில், எது சாப்பாட்டுக்கு முன்னால், எதைப் போட்டால் தலை சுற்றும். நம்பி வாசலுக்கு ஓடினார். அதற்குள் அவள் கணவராக இருந்த மனிதர் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்.

யாராவது ஒருவர் வேளையோடு உட்காரவைத்துப் பேசியிருந்தால் இந்த இரண்டு பேரும் சேர்ந்திருப்பார்கள் என்று நம்பி நினைத்தார். அந்த நினைப்பு அவரை விடவில்லை. ஓய்வு பெற்றதும் அஞ்சல் வழியில் உளவியல் படித்தார். பட்டம் வாங்கினார். எஸ்தரைத் தேடி வந்தார்.

"இந்த வேலைக்கு எதுக்கு வாறீங்க சார்?"

"பிரியறதைப் பாத்தாச்சு மேடம். இனி சேத்து வைக்கணும்."

எஸ்தர் மூலையில் கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

வருகிறவர்கள் சம்மதித்த நாட்களில் எல்லாம் நம்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். எட்டு மாதம். எஸ்தர் அதிகம் பேசுவதில்லை. ஏன் என்று கேட்பதே இல்லை. "அப்புறம்" என்பார். "அது எப்போ" என்பார். கணவனும் மனைவியும் கத்திக்கொண்டால் கத்தவிடுவார். கை ஓங்கினால் மட்டும் எழுந்து நடுவில் நிற்பார். ஒருவர் தனியாக வந்து சொன்னதை மற்றவர் காதில் போடமாட்டார். நம்பி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அந்த ஜோடி ஆறு மாசமா வருது. நீங்க ஒரு யோசனைகூடச் சொல்லலையே மேடம்?"

"அவங்க தெருவில யோசனை சொல்ல ஆளா இல்லை?"

அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாதம் எஸ்தர் அவருக்கென்று ஒரு ஜோடியை விட்டுக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி.

கணவன் இசக்கிராஜ். வீட்டு முன்னறையிலேயே கடை வைத்து, எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக் கொடுப்பவன். மனைவி சந்தனமாரி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினொரு மாதத்துக்கு முன் அவர்களுடைய ஒரே மகள் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயது. பெயர் தன்ஷிகா.

அதன் பிறகு இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். அவன் கடையிலேயே சாப்பிட்டான். அவள் மற்றவர்களின் டூட்டியையும் கேட்டு வாங்கிச் செய்தாள். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று அவன் பக்கம் சொன்னார்கள். அறுத்துக்கொண்டு வந்துவிடு என்று அவள் பக்கம் சொன்னார்கள். இரண்டையும் கேட்க முடியாமல்தான் இங்கே வந்தார்கள்.

முதல் ஆறு வாரமும் சாதாரணப் பேச்சுத்தான். ஆஸ்பத்திரியில் கூட்டம், கரண்ட் கட். பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பேரும் ஒன்றுபோலத் தரையைப் பார்த்தார்கள். நம்பிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவனுக்குள் ஏதோ கிடந்து புழுங்குகிறது என்று தெரிந்தது. அதை வெளியே கொண்டுவந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே நடக்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்தார்.

ஏழாவது வாரம் கேட்டே விட்டார்.

"இசக்கிராஜ், மனசுல என்ன இருக்கோ அதை அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"வேண்டாம் சார்."

"ஏன் வேண்டாம்?"

"சொன்னா இவ தாங்கமாட்டா."

"சொல்லாம இருக்கறதைத்தான் யாராலயும் தாங்க முடியாது. சொல்லுங்க."

இசக்கிராஜ் மனைவியைப் பார்த்தான். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தான்.

"காய்ச்சல் விட்டுருச்சு, இனிமே பயம் இல்லன்னு சொல்லிட்டு டூட்டிக்குப் போனது நீ. நீ நர்சு. எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னேன்னுதான் நான் சும்மா இருந்தேன்." குரல் ஏறியது. "ஊர்ல உள்ள பிள்ளைக்கெல்லாம் பாக்கத் தெரிஞ்சவளுக்கு நம்ம பிள்ளையப் பாக்கத் தெரியல. நீதான் கொன்னுட்ட."

சந்தனமாரி அழுவாள், அவனும் அழுவான் என்று நம்பி காத்திருந்தார். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரி" என்றாள் அவள்.

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று நம்பி நோட்டில் ஒரே ஒரு சொல் எழுதினார். 'திறந்தது.'

மறுவாரமும் இரண்டு பேரும் வந்தார்கள். சந்தனமாரி வாயைத் திறக்கவில்லை. என்ன கேட்டாலும் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் அப்படித்தான் என்றான் இசக்கிராஜ். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டாள். நர்ஸ் உடுப்புகளை எல்லாம் மடித்து யாருக்கோ கொடுத்துவிட்டாள். ஒரு வாய் சாப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவர்கள் போனதும் நம்பி எஸ்தரின் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"மேடம், நான் ஒரு உயிரைக் கெடுத்துட்டேன்."

நடந்ததைச் சொன்னார். எஸ்தர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சாகணும்னு எதுவும் சொன்னாளா?"

"எதுவுமே சொல்லலையே."

"கேட்டீங்களா?"

நம்பி தலைகுனிந்தார்.

எஸ்தர் அப்போதே போனை எடுத்து சந்தனமாரியிடம் அதை நேரடியாகவே கேட்டார். பதில் வர நேரமாயிற்று. பிறகு அவள் சம்மதத்தோடு கோவில்பட்டியில் இருந்த அக்காவைப் போனில் கூப்பிட்டு, வந்து கூட இருக்கச் சொன்னார். மறுநாள் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். போனை வைத்துவிட்டு நம்பியைப் பார்த்தார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் உக்காருதேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை எஸ்தர் தான் யார் என்று சொல்லி வணக்கம் சொன்னார். பிறகு சும்மா இருந்தார். கால் மணி நேரம் போயிற்று. கீழே பல் மருத்துவரின் மெஷின் சத்தம் கேட்டு நின்றது. மறுபடியும் கேட்டது. நம்பி ஏதாவது பேசிவிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்தார். எஸ்தர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சந்தனமாரியின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்க வார்டுல எத்தனை பேரும்மா?"

சந்தனமாரி நிமிர்ந்தாள். இரண்டு வாரத்தில் அந்த அறையில் அவள் பேசிய முதல் சொல் அது.

"பதினாலு."

"அவங்கள்லாம்?"

"எல்லாரும் நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டாங்க."

எஸ்தர் காத்திருந்தார்.

"அதுல அஞ்சு பேருக்கு டெங்குதான். காய்ச்சல் இறங்குன பிள்ளைங்க. காய்ச்சல் இறங்குற நேரத்துலதான் கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கணும். புதுசா வார நர்சுகளுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அன்னைக்கு மணிக்கொருக்க பிரஷர் பாத்தேன். கையும் காலும் ஜில்லுனு ஆகுதான்னு அஞ்சு பிள்ளையையும் தொட்டுத் தொட்டுப் பாத்தேன்."

"வீட்டில?"

"லீவு கேட்டேன். ஆள் இல்லன்னாங்க. காலையில பாத்தேன், நல்லா இருந்தா, இட்லி கேட்டா. இனிமே பயம் இல்லன்னு இவங்ககிட்ட வாய்தான் சொல்லிச்சு. மனசு கேக்கல. அங்க இருந்து ரெண்டு தடவை போன் பண்ணினேன். மூணு மணிக்கு ஒண்ணு, நாலரைக்கு ஒண்ணு. பிள்ள கையத் தொட்டுப் பாருங்கன்னு சொன்னேன். தொட்டுப் பாத்தேன், கதகதன்னு இருக்கு, தூங்குதுன்னு சொன்னாங்க. அதுக்குள்ள எப்படி அப்படி ஆச்சுன்னுதான் எனக்குப் புரியல. நானும் எல்லாப் புத்தகத்தையும் எடுத்துப் பாத்துட்டேன். ரெண்டு தடவையும் கதகதன்னு இருந்த கை, ஆறு மணிக்கு நான் வந்து தொட்டப்போ எப்படி அப்படி ஜில்லுனு கிடக்கும்?"

இசக்கிராஜ் எழுந்தான். எங்கே போவது என்று தெரியாதவன் போல சுவர் ஓரம் போய் நின்றான்.

"தொடல" என்றான்.

நம்பிக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் தொடல. கடையில இருந்தேன். ஒரு மோட்டார் அவசரம்னு ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தாரு. பத்தடிதான். எந்திரிச்சுப் போயிருந்தா பத்தடி. தூங்குற பிள்ளைய எழுப்புவானேன்னு நினைச்சேன். தொட்டுப் பாத்தேன்னு சொல்லிட்டேன்."

சந்தனமாரி அவனையே பார்த்தாள்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். வாயைப் பொத்திக்கொண்டான். கையை மீறி வந்த அழுகை ஒரு வளர்ந்த மனிதனின் உடம்பிலிருந்து வருகிற சத்தம் போலவே இல்லை.

நம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு வெளிச்சமும் வந்தது. இதுதான், இப்போதுதான் என்று நினைத்தார். இனி அவள் எழுந்து போய் அவன் தோளைத் தொடுவாள்.

சந்தனமாரி எழுந்தாள்.

"நீங்க சொன்னதை நம்பித்தான் நான் அங்க வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

அவனைத் தாண்டி வாசலுக்குப் போனாள். குனிந்து செருப்பின் வாரை மாட்டினாள். சரியாக மாட்டவில்லை என்று மறுபடியும் மாட்டினாள். படியில் இறங்கிப் போய்விட்டாள்.

இசக்கிராஜ் அவள் பின்னால் ஓடவில்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் தரையிலேயே இருந்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நம்பியிடம் கேட்டான்.

"அடுத்த வாரம் வரணுமா சார்?"

"வாங்க" என்றார் எஸ்தர்.

அவன் வரவில்லை. அவளும் வரவில்லை.

சந்தனமாரி அக்காவோடு கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். மாத்திரை சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், யாரோடும் பேசுவதில்லை என்று அக்கா போனில் சொன்னாள். இசக்கிராஜ் கடையை மூடிவிட்டான். கூப்பிட்டால் போனை எடுப்பான், இருக்கேன் சார் என்பான், வைத்துவிடுவான். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் நம்பியோடு முன்பு கோர்ட்டில் வேலை பார்த்த ஒருவர் கடைத்தெருவில் அவரை நிறுத்தினார்.

"உங்க ஆபீசுக்கு வந்துக்கிட்டிருந்த ஜோடியாமே சார். ரெண்டு பேரும் சம்மதம்னு மனுப் போட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு எந்தப் பொருளும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துருக்கு. பிள்ளையோட ஸ்கூல் பையை மட்டும் கேட்டுருக்கு."

தான் முப்பத்தொரு வருடம் எடுத்துக் கொடுத்த அதே சிவப்பு நாடாக் கட்டு. இந்த முறை அதைக் கட்டியதே தன் கைதான் என்று நம்பிக்குத் தோன்றியது. வாங்கப் போன காய்கறியை வாங்காமல் நேரே மாடிப்படி ஏறினார். அறைச் சாவியையும் நோட்டையும் எஸ்தரின் மேசைமேல் வைத்தார்.

"நான் நிறுத்திக்கிடுதேன் மேடம்."

எஸ்தர் சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் தெரியாத்தனமா அவன் வாயைத் திறந்தேன். சரி, நான் கத்துக்குட்டி. நீங்க? நீங்களும் அதையேதான் செஞ்சீங்க. அவளைக் கேட்டீங்க. அதனாலதான் அவன் சொன்னான். சொல்லாமலே இருந்திருந்தா ஒரே வீட்டிலயாவது இருந்திருப்பாங்க."

"இருந்திருக்கலாம்."

"அது வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

"அவ தன் கையையே பாத்துக்கிட்டிருந்தா. அந்தக் கை அன்னைக்கு எங்க இருந்துச்சுன்னு தோணுச்சு. கேட்டேன்."

நம்பி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்க சேரவும் இல்லை. தேறவும் இல்லை. அந்தப் பிள்ளையும் வரப்போறதில்லை. நாம இங்க உக்காந்து என்னதான் செய்தோம்?"

எஸ்தர், யார் எப்போது வருகிறார்கள் என்று எழுதிவைக்கும் நோட்டைத் திறந்தார்.

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு யாரு?"

"யாரும் இல்லை. வள்ளியூர்ல இருந்து ஒரு ஜோடி ரொம்ப நாளா நேரம் கேக்கறாங்க. அதைக் குடுத்துருங்க."

எஸ்தர் வள்ளியூர்க்காரர்களின் பெயரைப் புதன்கிழமையில் எழுதினார். செவ்வாய் பதினோரு மணியில் சந்தனமாரி, இசக்கிராஜ் என்று எழுதினார். பக்கத்தைத் திருப்பினார். அடுத்த வாரத்திலும் எழுதினார். அதற்கு அடுத்த வாரத்திலும்.

"அவங்க வரமாட்டாங்க மேடம்."

"வராம இருக்கலாம்."

"அப்போ நான் சும்மா உக்காந்திருக்கணுமா?"

எஸ்தர் பேனாவை மூடினார்.

"நான் முன்னால கணக்கு டீச்சர். உங்களுக்குத் தெரியாது. கல்யாணம் ஆகி ஆறாவது வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் லூயிஸ் சார்னு ஒருத்தர்கிட்ட ஆலோசனைக்குப் போனோம். வியாழக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் விட்டதும். அஞ்சாவது வாரம் மனசுல உள்ளதைச் சொல்லுங்கன்னார். நீங்க இல்லாம இருந்தாத்தான் எனக்கு நிம்மதின்னு அவர் முகத்தைப் பாத்துச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குன்னு கிளம்பிப் போனார். போனவர்தான்."

நம்பி அவரை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் பார்த்த முகம்.

"இன்னும் வரலையா?"

"பதினாறு வருஷம் ஆச்சு. இருக்காரா இல்லையான்னு தெரியாது." எஸ்தரின் குரல் மாறவில்லை. "லூயிஸ் சாரைக் கண்டபடி ஏசணும்னு போனேன். ஒரு வியாழக்கிழமை, அதே நேரம். கதவு திறந்து கிடந்துச்சு. எங்க ரெண்டு பேருக்கும் எதிரும் புதிருமா நாற்காலி போட்டு வச்சுட்டு ஒத்தையில உக்காந்திருந்தார். உள்ள போக முடியல. இறங்கி வந்துட்டேன். அடுத்த வாரம் போனேன். அப்பவும் உக்காந்திருந்தார். அதுக்கு அடுத்த வாரமும். பத்து மாசம் படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். அவர் ஒருநாள்கூட என்னைக் கூப்பிடல. கதவையும் சாத்தல."

"அப்புறம்?"

"ஒருநாள் உள்ள போனேன்."

"ஏசினீங்களா?"

"ஒரு மணி நேரம் ஏசினேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டிருந்தார்."

நம்பி மேசைமேல் கிடந்த சாவியைப் பார்த்தார். கேட்கக் கூசியது. ஆனாலும் கேட்டார்.

"அதுக்கு அப்புறம் உங்களுக்குச் சரியாச்சா மேடம்?"

"இல்லை சார்" என்றார் எஸ்தர். "அடுத்த வியாழக்கிழமை வந்துச்சு. போனேன்."